அருவாள் கசிந்த வருஷம்

முத்திருளாயிக்கு மூத்திரம் நின்றுபோன அன்றைக்குத்தான் உடைகுளத்தில் அருவாள்கள் கசிய ஆரம்பித்தன. எடுத்த எடுப்பிலேயே இப்படியா பேசுவது என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். ஒழுங்காகப் போகிறவரைக்கும் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, நின்றுவிட்டால் அப்புறம் வீட்டில் வேறு பேச்சே இருக்காது.

சித்திரை வெயில், வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை, மேலத்தெருவில் ஒரு வீட்டுக் கூரையில் செருகி வைத்திருந்த அருவாளின் மூக்கில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது, விழுந்த இடத்திலேயே அடுத்ததும் விழுந்தது, அதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வீட்டிலும் அதற்கடுத்த தெருவிலும் மாட்டுக்கொட்டத்திலும் வைக்கோல் போருக்குள்ளும் கட்டிலுக்கடியில் சாக்கில் சுற்றி வைத்ததிலும் சொட்ட ஆரம்பித்து, பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கச் சொட்டுச் சத்தம்தான். கருவேல முள் வெட்டுகிற அருவாள் சொட்டவில்லை. கிடா வெட்டுகிற அருவாளும் சொட்டவில்லை. மனுசனை வெட்டிய அருவாள் மட்டும் சொட்டியது. யார் வீட்டில் எது எதற்கு இருக்கிறது என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி, அதனால் இதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

முத்திருளாயி ஒரு செம்புத் தண்ணி குடித்தால் ஒவ்வொரு அருவாளும் ஒரு செம்பு கக்கியது. அவள் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தால் அருவாளும் சும்மா கிடந்தது. அவள் உடம்பிலிருந்து வெளியே போக வழியில்லாத தண்ணிதான் இப்படி வருகிறது என்று ஊர் பேசிக்கொண்டது, பேசிவிட்டு வாளியைக் கொண்டுபோய் அருவாளுக்குக் கீழே வைத்தது. ஏன், எதற்கு என்று குறி கேட்கக்கூட யாரும் போகவில்லை. தண்ணிக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற ஊரில் தண்ணி வந்தால் பிடித்து வைப்பார்களா, காரணம் கேட்டுக்கொண்டு நிற்பார்களா?

ஆடுமாடு அதில் வாய் வைக்கவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. சிலர் அதை ஊற்றித் தண்டங்கீரை வளர்த்தார்கள், கீரை நன்றாகத்தான் வந்தது, தின்னத்தான் ஆளில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் பாயில் உட்கார்ந்தார்கள். பத்து வருஷமாகப் பரமசாது என்று பேரெடுத்த ஒரு வாத்தியார் வீட்டுப் பரணில் சொட்டு விழுந்து, அவர் பெஞ்சாதி அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டாள். அருவாளைக் கண்மாயில் கொண்டுபோய் எறிந்தவன் வீட்டுக்குக் கரையிலிருந்து வாசல் வரைக்கும் ஈரத்தடம் வந்தது. இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து தெருத்தெருவாக நடந்து பார்த்தார். தண்ணியைக் கொண்டுபோய்க் கோர்ட்டில் நிறுத்த முடியாதே என்று சொல்லிவிட்டு, பூட்ஸ் நனைந்ததுதான் மிச்சம் என்று திரும்பிப் போனார்.

முத்திருளாயி கரி மூட்டம் போடுகிறவள். கருவேலங்கட்டையை அடுக்கி, மண் பூசி, தீ வைத்து, அது உள்ளுக்குள் வெந்து கரியாகிறவரைக்கும் அனலில் நிற்கிற பிழைப்பு. இடுப்பு வலிக்குப் பெட்டிக்கடையில் வலி மாத்திரை வாங்கி வெற்றிலைக்குப் பாக்குப் போடுகிற மாதிரி வருஷக்கணக்கில் போட்டிருந்தாள். கால் வீங்கியபோது வெக்கை என்றாள். முகம் ஊதியபோது தூக்கக் கெடுதல் என்றாள். சோற்றைக் கண்டால் குமட்டி, உடம்பெல்லாம் அரித்து, வாயில் வெடியுப்பு நாற்றம் அடித்து, கடைசியில் சொட்டு மூத்திரமும் வராமல் மூச்சு முட்டிப் போனபிறகுதான் டவுன் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது, ரெண்டு கிட்னியும் புளியங்கொட்டை மாதிரி சுருங்கிவிட்டது என்றாள் டாக்டரம்மா.

முத்திருளாயி அவளைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்விதான்.

"யாரு செஞ்சா?"

யாரும் செய்யவில்லை, அந்த வலி மாத்திரையும் வெக்கையும் பிரஷரும் சேர்ந்து செய்தது என்று டாக்டரம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னாள். முத்திருளாயிக்கு அது ஏறவில்லை. ஒரு உயிர் போகிறதென்றால் அதற்கு ஒரு கை இருக்க வேண்டும், அந்தக் கைக்கு ஒரு பேர் இருக்க வேண்டும், அந்தப் பேருக்கு ஒரு கழுத்து இருக்க வேண்டும். அவள் புத்தி அப்படித்தான் பழகியிருந்தது.

பழகாமல் என்ன செய்யும்? அவள் புருஷன் வழிவிட்டானைக் கண்மாய்க்குள் வைத்து வெட்டினார்கள். கோடையில் கண்மாய் வற்றி முழங்கால் சேறாக நிற்கும்போது ஊரே கூடையும் வலையுமாக இறங்கி மீன் பிடிக்கிற நாள் அது. தொடை மொத்தத்துக்கு ஒரு விரால். அது யார் கூடையில் முதலில் விழுந்தது என்று வழிவிட்டானுக்கும் உக்கிரபாண்டிக்கும் வாய்த்தகராறு வந்து, வாய் கையாகி, கை கட்டையாகி, ரெண்டு பக்கத்து ஆட்களும் சேற்றில் புரண்டு எழுந்தபோது வழிவிட்டான் எழுந்திருக்கவில்லை. தோளில் ஒரு வெட்டு, கழுத்தில் ஒரு வெட்டு. சேறு சிவந்து, அந்தச் சிவப்பில் மீன்கள் துள்ளிக்கொண்டு கிடந்தன. போலீஸ் உக்கிரபாண்டியைத்தான் பிடித்தது. ஆனால் கோர்ட்டில் ஏறின சாட்சி ஒருத்தன் பாக்கியில்லாமல், எல்லார் மூஞ்சியிலும் சேறு அப்பியிருந்தது, யாரென்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினான். உக்கிரபாண்டி வெளியே வந்துவிட்டான்.

அன்றையிலிருந்து முத்திருளாயி தன் தம்பி சங்கிலியின் வீட்டில் இருந்தாள். கைப்பிள்ளையாக வந்த மகன் திருக்கண்ணனை மாமன்காரன்தான் தூக்கி வளர்த்தான், கரி மூட்டம் போடப் பழக்கினான், அருவாள் வீசவும் பழக்கினான். ஈரச்சாக்கை உருட்டிக் கட்டித் தொங்கவிட்டு, ஒரே வீச்சில் அது ரெண்டாகிற அன்றைக்குத்தான் பையனுக்குக் கறிச்சோறு. பெத்தவளும் பக்கத்தில் நின்று பார்ப்பாள். மீசை அரும்பும் முன்னேயே திருக்கண்ணன் பஸ் ஸ்டாண்டில் வைத்து உக்கிரபாண்டியை வெட்டினான், கழுத்துக்கு வீசியதை அவன் கையால் தடுத்துவிட, வலது கை விரல்கள்தான் தெறித்து டீக்கடைப் பாய்லருக்குக் கீழே போய் விழுந்தன. பையன் சீர்திருத்தப் பள்ளிக்குப் போய் வந்தான். அந்த அருவாளும் இப்போது சங்கிலி வீட்டு முன்கூரையில் சொட்டியது, முத்திருளாயி அதற்குப் பித்தளை அண்டா வைத்துப் பிடித்தாள். மகன் சம்பாதித்துப் போட்ட மாதிரி ஒரு பெருமை அவளுக்கு.

ஆனால் உக்கிரபாண்டி வீட்டில் ஒரு சொட்டு விழவில்லை. ஊரே போய் அவன் கூரையை அண்ணாந்து பார்த்தது. அவன் வீட்டு அருவாளை எடுத்து வந்து நடுத்தெருவில் போட்டான், அது வெயிலில் காய்ந்த எலும்பாகக் கிடந்தது. அசல் அருவாளை எங்கேயோ ஒளித்துவிட்டான் என்று சங்கிலி சொன்னான். ஆமாம், கள்ளப்பய, என்றாள் முத்திருளாயி.

ஆஸ்பத்திரியில் அவள் இடது கையில் ரெண்டு நரம்பைச் சேர்த்துத் தைத்து, அதில் பெரிய ஊசி ரெண்டைக் குத்தி, மிஷினில் போட்டு ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விட்டார்கள். தைத்த இடத்தில் தொட்டால் உள்ளே வண்டு இரைகிற மாதிரி அதிரும். மிஷினில் போட்டு வந்தால் ஒரு நாள், ரெண்டு நாள் ஊரில் எந்த அருவாளும் சொட்டாது. அதனால் சொட்டுகிற வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் கூட்டம் போட்டு, முறை வைத்து, அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வந்தார்கள். கொலை செய்த கைகள் அவளைக் கைத்தாங்கலாக வாடகை ஜீப்பில் ஏற்றின, வாந்திக்குச் சட்டி பிடித்தன, உப்பில்லாத கஞ்சியை ஊதி ஊட்டின. நாளெல்லாம் அரை லிட்டருக்கு மேல் தண்ணி கூடாது என்பது டாக்டரம்மா உத்தரவு. நாக்கு உலர்ந்து உலைமூடி மாதிரி ஒட்டிக்கொண்டாலும் அவளுக்கு ஒரு மடக்குக் கூடுதலாகக் கொடுக்க ஊரில் ஒருத்தருக்கும் தைரியமில்லை.

இப்படியே மிஷினில் எத்தனை காலம் ஓட்டுவது, கிட்னி மாற்றினால் பிழைப்பாள், ரத்த சொந்தத்தில் யாராவது ஒன்று கொடுக்கலாம், கொடுத்தவரும் நன்றாக இருப்பார் என்றாள் டாக்டரம்மா. தம்பியைக் கேட்டதற்குத் தனக்குச் சக்கரை வியாதி இருக்கிறதே என்று சங்கிலி கண்கலங்கினான். டீயில் ரெண்டு கரண்டி சீனி கூடுதலாகப் போட்டுக் குடிக்கிறவனுக்கு எப்போது சக்கரை வந்தது என்று அவன் பெண்டாட்டிகூடக் கேட்கவில்லை. திருக்கண்ணன் ரத்தம் கொடுத்துப் பார்த்தான், பொருந்தியது. எடுத்துக்கொள்ளுங்கள் என்று சட்டையைத் தூக்கிக் காட்டினான்.

முத்திருளாயி முடியாது என்றுவிட்டாள். ஒற்றைக் கிட்னிக்காரன் எப்படி அருவாள் வீசுவான்? இடுப்பில் பாதி போனவனுக்குக் கையில் எப்படி வேகம் வரும்? டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக, அவன் மூட்டை தூக்கலாம், வெட்டலாம், எல்லாம் செய்யலாம் என்று சொல்லிப் பார்த்தாள், எதை வெட்டப்போகிறான் என்று பாவம் அவளுக்குத் தெரியாது. உக்கிரபாண்டிக்கு விஷயம் போய், மகராசி அந்தப் பையனிடமே கிட்னியை வாங்கிக்கொள்ளட்டும் என்று அவன் ஐயனாருக்கு வேண்டிக்கொண்டதாகக் கேள்வி. கிட்னி கொடுத்தவன் வெட்டமாட்டான் என்று அவனும்தான் நம்பினான். ஒரே ஊர்த் தண்ணி குடித்த புத்தி.

அப்படியென்றால் முதலில் உக்கிரபாண்டி தலை, அப்புறம் கிட்னி என்று வழி சொன்னவன் சங்கிலி. வெள்ளிக்கிழமை காலையில் உக்கிரபாண்டி கருவேலங்காட்டு லாரிப் பாதையில் தனியாக வருவான் என்று துப்புக் கொண்டுவந்தவனும் அவன்தான். அருவாளைச் சாணை பிடித்து, மயிரை வழித்துப் பார்த்து, மருமகன் கையில் கொடுத்தான். மிஷினுக்குப் போய் மூன்று நாளாகியிருந்தது, முத்திருளாயிக்குக் கால் யானைக்கால், மூச்சு மேல்மூச்சு. இருந்தாலும் எழுந்து கரிக்கொட்டகை வாசலில் உட்கார்ந்தாள். பழிக்குப் போகிறவன் தாய் கையால் ஒரு செம்புத் தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுத்தான் படி இறங்க வேண்டும், அது அந்த ஊர் வழக்கம். பக்கத்தில் நிறைகுடமும் கையில் நிறைசெம்புமாக அவள் காத்திருந்தாள்.

காத்திருக்கும்போதுதான் மூலையில் கிடந்த மூட்டைகள் அவள் கண்ணில் பட்டன. கொட்டகை மூலையில் கரி மூட்டைகள், அடிமூட்டை நனைந்து கறுப்பாக ஊறிக் கிடந்தது. போன வாரம் லாரி வந்தபோது சங்கிலி மற்ற மூட்டைகளையெல்லாம் ஏற்றிவிட்டு இந்த மூலையை மட்டும் தொடவில்லை. கரிக்காரனுக்கு ஈரம் ஆகாது. மழைத்தூறல் விழுந்தால் பெத்த பிள்ளையை விட்டுவிட்டு மூட்டையைத் தூக்குகிற சாதி அது, நனைகிற இடத்தில் ஒருத்தன் மூட்டையை வேணுமென்றே அடுக்கி வைப்பானா? தம்பியைப் பார்த்தாள். அவன் அந்த மூலையைத் தவிர எல்லாப் பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றான்.

திருக்கண்ணன் வந்து முன்னால் குனிந்து கை நீட்டினான். முத்திருளாயி செம்பைத் தூக்கித் தன் வாயில் கவிழ்த்தாள்.

ஆத்தா என்று அவன் பாய்ந்து பிடுங்கப் போனான், அவள் காலால் உதைத்துத் தள்ளினாள். ஒரு செம்பு குடித்தாள், குடத்தில் முக்கி இன்னொரு செம்பு குடித்தாள், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த தொண்டை அந்தத் தண்ணியை மண் குடிக்கிற மாதிரி குடித்தது, மூச்சு அடைத்தது, கண் பிதுங்கியது, கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது, நெஞ்சுக்குள் ஏறிய தண்ணி கொளக்கொள என்று சத்தம் போட்டது, அவள் நிறுத்தாமல் குடித்துக்கொண்டே மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்கூரையில் மகன் அருவாள் இல்லாத இடம் வெறுமனே கிடக்க, அவன் இடுப்பில் இருந்த அருவாள் வேட்டியை நனைத்துக்கொண்டு ஒழுகியது. கொட்டகை மூலையில், மூட்டைகளுக்கு அடியிலிருந்து, கறுப்புத் தண்ணி ஊற்றெடுத்துப் புறப்பட்டு, தரையெல்லாம் பரவி, நேராக அவள் பாதத்துக்கு வந்து நின்றது.

"மூட்டையை நகத்துடா" என்றாள்.

சங்கிலி எலி வளை, எலி வளை என்று ஏதோ சொல்லப் பார்த்தான். திருக்கண்ணன் மூட்டைகளை இழுத்துப் போட்டு, பழிக்கென்று சாணை பிடித்த அருவாளாலேயே அந்த ஈரமண்ணைக் கொத்தினான். முழங்கை ஆழத்தில் ஒரு மீன்வலைத் துண்டு வந்தது, வலைக்குள் ஒரு அருவாள், பிடியில் சங்கிலி என்று அவனே சின்ன வயசில் சூடு போட்டு எழுதிய பேர். வருஷக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்தும் துருப்பிடிக்கவில்லை. வெளியே எடுத்ததும் அறுத்த கழுத்து மாதிரி அது பீய்ச்சி அடித்தது.

திருக்கண்ணன் மாமனைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கரி மூட்டையில் சாய்த்து, முகத்தில் முழங்காலால் குத்தி, பல் தெறிக்க, கழுத்தை நீட்டிவைத்து அருவாளை ஓங்கினான். தூக்கி வளர்த்த கையைத் தூக்கிக் கும்பிட்டான் சங்கிலி. ஈரச்சாக்கு வெட்டிப் பழகிய கை, ஒரு வீச்சுக்கு மேல் வேண்டியிருக்காது.

"வெட்டாத" என்றாள் முத்திருளாயி. வாயில் ரோஜா நிறத்தில் நுரை வந்தது. "அவனுக்குள்ள எனக்கு ஒண்ணு இருக்கு."

சொல்லிவிட்டு அப்படியே சரிந்தாள். ஜீப் வரும்வரை பொறுக்காமல் சங்கிலியே அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான், பின்னால் திருக்கண்ணன் ரெண்டு கையிலும் ரெண்டு அருவாளோடு ஓடினான், வழிநெடுக ரெண்டும் ஒழுக, ஊர் வாசலில் நின்று பார்த்தது. அந்த ஈரத்தடத்தைப் பார்த்தே எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

மிஷின் அவளைத் தண்ணிக்குள்ளிருந்து இழுத்துப் போட்டது. சங்கிலிக்குச் சக்கரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, ஆள் கல் மாதிரி இருந்தான், மகனைவிட அவனுடையதுதான் கூடுதலாகப் பொருந்தியது. கிட்னி கொடுக்கிறவனை உட்கார வைத்து விசாரிக்கிற அதிகாரிகள், யாராவது மிரட்டினார்களா என்று கேட்டபோது, உடைந்த பல்லை நாக்கால் தடவிக்கொண்டே, அக்காவுக்குத் தம்பி கொடுக்காமல் யார் கொடுப்பது என்று சொன்னான். அது பொய்யும் இல்லை. பக்கத்துப் பக்கத்து அறையில் ரெண்டு பேரையும் கிடத்தி, அவன் விலாவைக் கிழித்து எடுத்து, அவள் அடிவயிற்றைக் கிழித்து வைத்துத் தைத்தார்கள். ரத்தம் பாய்ந்ததும் அது சிவந்தது, மேஜையிலேயே மூத்திரம் பெய்தது. அந்த நிமிஷத்தில் உடைகுளத்தில் எல்லா அருவாளும் நின்றன. சத்தம் போனதும் பச்சைப்பிள்ளைகள் தூக்கம் கலைந்து அழுதன, கீரை போட்டவர்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள்.

மூத்திரப்பையில் மஞ்சளாக நிறைவதை நர்ஸ் தூக்கிக் காட்டியபோது முத்திருளாயி ஓவென்று அழுதாள். புருஷன் செத்ததற்குக்கூட அவள் அப்படி அழவில்லை. டாக்டரம்மா மாத்திரைப் பெட்டியை எடுத்து வைத்துச் சொன்னாள்.

"புதுசா வந்ததை உங்க உடம்பு எதிரின்னுதான் நெனைக்கும்மா. அடிச்சுக் கொல்லத்தான் பார்க்கும். காலையிலயும் சாயங்காலமும் இந்த மாத்திரை உள்ள போனாத்தான் அது அடங்கியிருக்கும். உசுரு இருக்குற வரைக்கும் விடக்கூடாது."

டாக்டரம்மா சொன்னதில் இது ஒன்றுதான் அவளுக்கு உடனே விளங்கியது.

ஊருக்குத் திரும்பிய அன்றைக்கு ஜீப்பை உக்கிரபாண்டி வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னாள். பகைவீட்டுத் தண்ணி பல்லில் படக்கூடாது என்று அத்தனை வருஷம் இருந்தவள், இறங்கி நின்று தண்ணி கேட்டாள். விரல் இல்லாத கையால் செம்பை அணைத்துப் பிடித்து, பாதியைச் சிந்திக் கொண்டுவந்தான். அவள் மிச்சத்தைக் குடித்தாள். திருக்கண்ணன் தன் அருவாளை அவன் வாசலில் போட்டுவிட்டு, அந்தக் கையைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆனால் மாமனுடைய அருவாளை அவன் போடவில்லை. அதைச் சாணை பிடித்துக் கூரையில் செருகிவிட்டு, மாமனிடம் ஒரே ஒரு தடவை சொன்னான்.

"ஆத்தா வயித்துல அது ஓடுற வரைக்கும் உன் கழுத்து உன்னது மாமா. அது நின்னா நான் வருவேன்."

அப்புறமென்ன, அக்காவை அப்படித் தாங்குகிற தம்பியை அந்தச் சீமையிலேயே பார்க்க முடியாது. விடிந்ததும் காய்ச்சி ஆறவைத்த தண்ணியோடு சங்கிலி வந்து நிற்பான், அவளுக்குத் தும்மல் வந்தால் அவனுக்கு வேர்க்கும். அவள் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, போகிற காக்காயைப் பார்த்து, வருகிற ஆட்டைப் பார்த்து, நிதானமாக உட்கார்ந்திருப்பாள். அது தொண்டையில் இறங்குகிறவரைக்கும் அவன் எச்சில் விழுங்கமாட்டான்.

அடுத்த வருஷம் மழை பெய்து, கண்மாய் நிறைந்து, கோடையில் வற்றியது. ஊர் கூடையும் வலையுமாக இறங்கிய அன்றைக்குக் காலையில், அந்தக் கூச்சல் வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தபோது, முத்திருளாயி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, அதுவரைக்கும் கேட்காததைக் கேட்டாள். அன்றைக்கு என்னதான் நடந்தது?

உக்கிரபாண்டி என்று நினைத்துத்தான் வீசினேன் என்றான் சங்கிலி. எல்லார் மூஞ்சியிலும் சேறு, மச்சானென்று தெரியவில்லை என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் அழுது முடிக்க விட்டாள்.

"அது தோளு வெட்டு" என்றாள். "அது விழுந்ததும் அவரு சத்தம் போட்டிருப்பாரே. என்ன சொன்னாரு?"

சங்கிலி துண்டால் மூக்கைத் துடைத்தான்.

"சொல்லு."

"மாப்ளேன்னாரு."

"அதுக்குப் பெறகும் ஏன்டா கழுத்துல வெட்டுன?"

"பொழச்சா நான்தான்னு சொல்லிருவாருன்னு பயந்துட்டேன்க்கா."

கண்மாய்ப் பக்கம் யாருக்கோ பெரிய மீன் கிடைத்துவிட்டது போல, ஓவென்று கூச்சல் கிளம்பியது. அவள் அடிவயிற்றில், வலது பக்கம், தையலுக்குக் கீழே, தம்பியுடையது எப்போதும்போல வேலை செய்துகொண்டிருந்தது. முத்திருளாயி மாத்திரையை நாக்கில் வைத்தாள், அவன் நீட்டிய செம்பை வாங்கி ஒரு மடக்கு குடித்து விழுங்கினாள், செம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

"சாயங்காலம் வா" என்றாள். "இன்னொண்ணு இருக்கு."